கேள்விப்பத்திரத்தில் கொலின்ஸின் கையெழுத்து

உப்புக்குளம்,
மன்னார்.
17.10.2012

என்றும் அன்புள்ள மாமிக்கு,

மருமகள் எடித் எழுதுகிறேன். நானும் டினோஜாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? மண்டபம் அகதி முகாமில் தண்ணீர்க் கஷ்டம் குறைந்ததா? உங்கள் கடைசிக் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. நேரமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எழுதப் பயமாக இருந்தது.

எங்கள் ஓலைத்தொடுவாய் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. இன்னும் ஒருவரும் குடியில்லாததால் கழுதைகள் உள்ளே வந்து படுக்கின்றன. டினோஜா ஆறாம் வகுப்பில் இருக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி, தமிழில் சோம்பேறி.

தச்சுப்பட்டறை நின்றுபோகவில்லை. ஐந்து பேர் வேலை செய்கிறார்கள், அதில் மூன்று பேர் பெண்கள். மீள்குடியேறிய ஊர்களின் பள்ளிக்கூடங்களுக்கு மேசையும் பிள்ளைகள் இருந்து எழுதுகிற வாங்கும் செய்கிறோம். அதற்கு அரசாங்கக் கந்தோர்கள் கேள்விப்பத்திரம் கூப்பிடும். விலை எழுதி, உரிமையாளர் கையெழுத்து வைத்து, உறையை ஒட்டிக் கொடுக்க வேண்டும். நான் உங்களுக்கு மறைத்த விசயம் இதிலேதான் இருக்கிறது.

பட்டறை உங்கள் மகன் கொலின்ஸின் பெயரில் பதிந்தது. மரம் எடுக்கப் பெருநிலத்துக்குப் போனவர் சண்டையில் பாதை பூட்டப்பட்டு வன்னிக்குள் அகப்பட்டதும், 2009 மாசியில் மாத்தளனில் ஒருவர் கண்டதும், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லாததும் நீங்கள் அறிந்ததே. முதலாவது கேள்விப்பத்திரம் வந்த நாள், உரிமையாளர் என்ற இடத்தில் நான் அவருடைய கையெழுத்தை வைத்தேன். அவர் இடக்கைக்காரர், எழுத்து பின்பக்கமாகச் சாயும். ஒரு கொப்பி முழுக்க எழுதிப் பழகினேன்.

மாமி, அதைக் களவு என்று நான் அப்போது நினைக்கவில்லை. கையெழுத்து வைக்கும்போது அவருடைய கை என் கைக்குள் வந்து அசைவது போலிருக்கும். எழுதி முடித்த பிறகும் விரல்கள் சூடாயிருக்கும். இரண்டு வருடம் இப்படியே போனது. கந்தோரில் பொருள் வாங்கும் பிரிவைப் பார்க்கும் ஜுனைதீன் நானா புத்தளத்திலிருந்து மீளக் குடியேறியவர், கொலின்ஸை அவர் கண்டதில்லை. "உங்கட அவர் ஒருநாளும் இந்தப் பக்கம் வாறேல்லையே, தங்கச்சி?" என்று கேட்பார். "மரம் பாக்கப் போயிட்டார் நானா" என்பேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோசமாக இருக்கும். மன்னாரில் ஒரு மேசையிலாவது அவர் உயிரோடு இருக்கிறார் என்று.

இந்த வருடம் பங்குனியில் நான்கு பள்ளிக்கூடங்களுக்கான பெரிய வேலைக்கு எங்கள் விலைதான் குறைவாக வந்தது. அடுத்த விலை கொடுத்தவர் பெட்டிசம் எழுதிவிட்டார். உரிமையாளர் மூன்று வருடமாகக் காணாமல் போனவர், அவருக்காகக் கையெழுத்து வைப்பது யார் என்று. விசாரணைக் கடிதம் எனக்கும் வந்தது, ஜுனைதீன் நானாவுக்கும் போனது. ஆளைக் காணாமல் எப்படி ஏற்றீர் என்று அவரைக் கேட்டார்களாம். ஐந்து பிள்ளைகளின் தகப்பன். என்னிடம் வந்து கோபிக்கக்கூட இல்லை. "நீங்க சொன்னதை நான் நம்பினன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிரேமினி என்று ஒரு சட்டத்தரணிப் பிள்ளை இருக்கிறா. கேள்விப்பத்திரம் போடுகிற எங்களைப் போன்றவர்களுக்கும், அதைக் கூப்பிடுகிற உத்தியோகத்தர்களுக்கும் சட்டம் விளங்கப்படுத்துவதுதான் அவவின் வேலை. கடதாசிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "அவர் எங்க, அக்கா?" என்று கேட்டா.

"வருவார்" என்றேன்.

"நான் அதைக் கேக்கேல்லை. இப்ப எங்க இருக்கிறார்?"

மாத்தளனில் கண்டவரின் கதையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை அதையும் கடதாசியில் குறித்தா. பிறகு இரண்டு வழி சொன்னா. ஒன்றும் பேசாமல் கேள்விப்பத்திரத்தைத் திருப்பி எடுக்கலாம்; அப்படிச் செய்தால் பழி முழுக்க ஜுனைதீன் நானாவின் தலையில் விழும். அல்லது கையெழுத்து என்னுடையது, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியக்கடதாசி கொடுக்கலாம். "அதுக்குப் பிறகு பட்டறையை உங்கட பேருக்கு மாத்தோணும். பழைய வேலை அனுபவமும் உங்களுக்குச் சேரோணும் எண்டால் அவற்ற மரணப் பத்திரம் வேணும், அக்கா. நான் எழுதித் தாறன், ஆனா கையெழுத்து நீங்கதான் வைக்கோணும்" என்றா. காணாமல் போனவர்களுக்கும் பத்திரம் எடுக்க இப்போது சட்டம் இருக்கிறதாம்.

சத்தியக்கடதாசியை அன்றைக்கே கொடுத்தேன். மரணப் பத்திரத்துக்குக் கையெழுத்து வைக்க எனக்கு ஆறு கிழமை எடுத்தது. அந்த ஆறு கிழமையும் பட்டறைக்குள் தனியே போகப் பயந்தேன். சீவுளி இழுக்கும் சத்தம் கேட்கும். உள்ளே போனால் ஒருவரும் இல்லை.

பதிவுகாரரின் படிவத்தில் இறந்த இடம், இறந்த தேதி என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. தெரியாது என்றேன். தேதி வேண்டும் என்றார். மாத்தளனில் அவரைக் கடைசியாகக் கண்ட நாளைச் சொன்னேன். வெய்யிலுக்குத் தலையில் துவாய் போட்டுக்கொண்டு தண்ணீருக்கு வரிசையில் நின்றாராம், கண்டவர் சொன்னது அவ்வளவுதான். இப்போது கடதாசியின்படி உங்கள் மகன் செத்த நாள் அது. உயிரோடு கண்ட நாளையே நான் அப்படி எழுதிவிட்டேன், மாமி.

விசாரணையில் எங்கள் விலையைத் தள்ளிவிட்டார்கள். பிரேமினி எனக்காக வாதாடியதில் கறுப்புப் பட்டியலில் போடாமல் எச்சரிக்கையோடு விட்டார்கள். ஜுனைதீன் நானாவை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், வேலை தப்பியது. அவர் இப்போது சந்தையில் கண்டால் தலை அசைப்பார், கதைக்க மாட்டார். போன மாதம் ஒரு சிறிய பள்ளிக்கூடத்துக்கு என் சொந்தப் பெயரில் கேள்விப்பத்திரம் போட்டேன், கிடைத்தது. அறுபது மேசை. உறையை ஒட்டுவதற்கு முன் அவருடைய கையெழுத்தை ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தேன். வரவில்லை. என் எழுத்துத்தான் வந்தது.

நீங்கள் என்னைத் திட்டினால் ஏற்றுக்கொள்வேன். தகப்பன் இல்லாமல் அவரை வளர்த்த உங்களிடம் ஒரு சொல் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். அடுத்த மாதம் ஆத்துமாக்களின் மாதம். இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் தரச் சொல்லிச் சுவாமியார் கேட்டார். மாமாவின் பெயரை மட்டும் கொடுத்தேன்.

காலுக்கு எண்ணெய் பூசுங்கள், குளிர் தண்ணீரில் நிற்காதேயுங்கள். டினோஜாவுக்காகவும் எனக்காகவும் செபியுங்கள். இன்னும் ஒன்று, மாமி. வள்ளத்தில் இந்தியப் பக்கம் வந்து இறங்கினவர்கள் எத்தனையோ பேர். ஒருவேளை அவர் முதலில் உங்களிடம்தான் வந்தால், இந்தக் கடிதத்தைக் காட்டிவிடாதேயுங்கள். நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் பிள்ளையாகவே இருக்கும்,
எடித் கொலின்ஸ்