ஒரு ஆளுக்கும் அடுப்பு மூட்டலாம்

786

தர்மபுரி,
10-3-1974

அன்பு மகள் ஷகிலாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் இரண்டு காலாலும் நடந்துகொண்டு, விரல் ஒன்றும் குறையாமல் சுகமாக இருக்கிறேன். அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் அதே சுகத்தோடு இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். உன் கடிதம் போன வாரம் வந்தது. மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமானது பற்றி ரொம்ப சந்தோஷம். அங்கே குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன், இங்கே மாசி முடியும் முன்பே வெயில் தகரத்தைக் காய்ச்சுகிறது, மத்தியானம் பட்டறையில் கை வைத்த இடமெல்லாம் சுடுகிறது. இனி நீ எழுதிய மற்ற விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரியத்தா, என் கூடப் பிறந்த அண்ணன், உனக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறார், அதைப் படித்துவிட்டு நீயும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, ஆக்கிப் போட ஒரு ஆள் இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவீர்கள் அத்தா, பெரியத்தா பார்த்த பெண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள், இல்லை என்றால் பட்டறையை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். இரண்டும் நடக்காது மகளே. கோபத்தில் எழுதவில்லை, நிதானமாக உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பெரியத்தா உனக்கு எழுதியது பாதிக்கதை, மீதியை நான் சொல்கிறேன், முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் யார் பக்கம் என்று முடிவு செய்.

உன் அம்மா மவுத்தாகி, நாற்பதாம் நாள் ஓதி முடித்து, நீயும் ரயில் ஏறிப் போன பிறகு பகலில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வாளி, புனல், மண்ணெண்ணெய் விளக்கு என்று சுத்தியல் சத்தத்திலேயே பொழுது போய்விடும். சாயங்காலம் பட்டறையைப் பூட்டினதும்தான் தொல்லை. வீட்டில் விளக்கு ஏற்ற ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டே வீட்டைப் பார்த்து எப்படி நடப்பது. அதனால் கால் தானாக நம் கிருஷ்ணப்பன் மிட்டாய்க் கடைக்குப் போகும். ஜிலேபி, மைசூர்பாகு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. அதற்குப் பிறகு பஸ் நிலையத்துப் பக்கம் பரோட்டாவும் சால்னாவும். அங்கே நாலு பேர் சத்தம் இருக்கும், பக்கத்து ஆள் தோளில் இடிப்பான், அது எனக்கு வேண்டியிருந்தது. வீட்டுக்கு வரும்போதும் கையில் ஒரு பொட்டலம் இருக்கும். ஆள் பருத்தேன், பார்க்கிறவர்கள் எல்லாம் பாய் தேறிவிட்டார் என்றார்கள். போன ரம்ஜானில்தான் எனக்கே ஒன்று புரிந்தது. பகல் முழுவதும் நோன்பு, வயிறு காய்ந்து கிடக்கிறது, ஆனால் மனம் எதையும் கேட்கவில்லை, அமைதியாக இருக்கிறது. பள்ளிவாசலில் நோன்பு திறந்து, வயிறு முட்டக் கஞ்சி குடித்து, தொழுதுவிட்டு வெளியே வருகிறேன், அப்போது கை ஜிலேபியைத் தேடுகிறது. கிருஷ்ணப்பன் தட்டில் வைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, “பாய், இப்பத்தானே கஞ்சி குடிச்சுட்டு வரீங்க, பசிக்கா இதைத் தின்றீங்க?” என்று கேட்டார். அவர் வியாபாரி, விற்றால் அவருக்கு லாபம், இருந்தும் கேட்டார். அன்றைக்கே விட்டிருக்கலாம், ஆனால் விடவில்லை, தட்டை வாங்கித் தின்றுவிட்டுத்தான் வந்தேன்.

பெருநாள் கழிந்து சில நாளில் தகரத் தகடு ஒன்று சரிந்து இடது கால் கட்டைவிரலில் வெட்டியது. எங்கள் தொழிலில் இது எப்போதும் நடப்பதுதானே, துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தேன். இந்தத் தடவை ஆறவில்லை. விரல் கறுத்து, நீர் வடிந்து, பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்தும் அளவுக்குப் போனபோதுதான் டாக்டர் அருள்நாதனிடம் போனேன். அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் என் சிறுநீரைச் சொட்டு விட்டு விளக்கில் காட்டினார். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை, செங்கல் நிறம் வந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தமாம். எனக்குச் செங்கல் நிறம்தான் வந்தது. மாத்திரை எழுதினார், புண்ணுக்குத் தினமும் வந்து கட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னார், பிறகு, “பாய், மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதி உங்க வாயில இருக்குது, அது அடங்கலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும், விரலோட நிக்கும்னும் சொல்ல முடியாது” என்று நேராகவே சொன்னார். இனிப்பு அறவே கூடாது, கடைப் பரோட்டா கூடாது, அரிசியைக் குறைத்து ராகியோ கோதுமையோ அளவாக, கீரையும் காயும் தாராளமாக என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் அழுதேன் ஷகிலா. உன் அம்மா மவுத்தன்று ஜனங்கள் நடுவில் நின்றபோது வராத அழுகை அன்று வந்தது. அழுது முடித்தபோது வாய் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை மாதம் ஜிலேபியைப் போட்டு அடைத்து வைத்திருந்தது இதைத்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

விஷயம் பெரியத்தா காதுக்குப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிலேயே என்னை நிறுத்தி, “பொம்பளை இல்லாத வூடு, ஓட்டல் சோறு, அதான் சக்கரை வந்துட்டுது, நான் பாப்பாரப்பட்டியில பொண்ணு பாத்துட்டேன்” என்றார். வளையல் கடை வைத்திருப்பவரின் மகளாம், பெயர் அக்தர் பேகம். வயது என்ன என்று கேட்டேன். சொன்னார். உன்னைவிட இரண்டு வயது இளையவள். உன்னையும் அந்தப் பெண்ணையும் மனதில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன், உடம்பு கூசிவிட்டது. பெரியத்தாவை எதிர்த்து நான் பேசினது உனக்குத் தெரிந்து ஒருநாளும் இல்லை, அன்று பேசினேன். “அண்ணே, சமையலுக்கு ஆள் வேணும்னா சம்பளத்துக்கு வெச்சுக்குறேன். வயித்துக்காக யாராச்சும் நிக்காஹ் பண்ணுவாங்களா? அந்தப் புள்ள என் புண்ணைக் கழுவவும் களி கிண்டவுமா பொறந்துது?” என்று கேட்டேன். மறுபடி மணம் செய்வது மார்க்கத்தில் குற்றமில்லை, அதை நான் குறை சொல்லவில்லை. மனதுக்கு ஒரு துணை வேண்டும் என்று எனக்கே தோன்றினால் என் வயதுக்கு ஏற்ற ஒருத்தியிடம் நானே கேட்பேன். பெரியத்தா, “அப்ப யாருடா உனக்கு ஆக்கிப் போடுவாங்க?” என்றார். நானே ஆக்கிக்கொள்கிறேன் என்றேன். படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

சொல்லிவிட்டேனே தவிர அடுப்புப் பக்கம் போய்ப் பழக்கம் ஏது. முதல் நாள் கிண்டின களியை உடைத்தால் உள்ளே வெறும் மாவு, வெளியே கல். இரண்டாம் நாள் அடிப்பிடித்துத் தெருவே நாறியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “ஏங்க பாய், தகரத்துக்கு ஈயம் பத்த வெக்கிறீங்களா, சோறு ஆக்குறீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கேலியாகக் கேட்டாலும், ஒரு கிண்ணம் கீரைக் கடைசலை அந்தச் சுவர் மேலேயே வைத்துவிட்டுப் போனாள். கடைத்தெருவில் என்னைப் பற்றி, கரீம் பாய் முக்காடு போட்டுக்கொண்டு சமைக்கிறார் என்று பேச்சு. நான் முகத்துக்கு நேராகவே சொன்னேன், கல்யாண வீட்டில் அண்டா அண்டாவாகப் பிரியாணி ஆக்குகிறவன் ஆம்பளைதானே, அதை எவனும் கேலி செய்வதில்லை, ஒரு ஆம்பளை தனக்குத் தானே ஒரு உருண்டை களி கிண்டினால் மட்டும் உங்களுக்கு என்ன கேடு என்று. அதற்குப் பிறகு முன்னால் பேச்சு நின்றது, பின்னால் பேசினால் பேசட்டும். இன்னொன்று, நெல்லுச் சோறு தின்றால்தான் மதிப்பு, களி இல்லாதவன் தின்பது என்று நம் சொந்தத்தில் ஒரு நினைப்பு இருக்கிறதே, உன் பெரியத்தா வீட்டில் விருந்தாளி வந்தால் களிச் சட்டியை ஒளித்து வைப்பார்கள். நான் களிச் சட்டியைப் பட்டறை வாசலுக்கே எடுத்துப் போய் எல்லாரும் பார்க்கத் தின்கிறேன்.

இதற்குள் பெரியத்தா என்னைக் கேட்காமலே பெண் வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அதனால் பாப்பாரப்பட்டிச் சந்தை நாளில் புண் காலோடு நொண்டிக்கொண்டு பஸ் ஏறி நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளை வந்துவிட்டதாக நினைத்துப் பாய் விரித்து, தட்டு நிறைய இனிப்பு வைத்தார். நான் தட்டைத் தொடாமல், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் மகளைவிட இளைய பெண், இது வேண்டாம் என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. “என் பொண்ணுக்கு என்ன கொறைச்சல்ங்க? நல்லா ஆக்குவா, நீங்க வந்து ஒரு வாய் கூடத் தின்னு பாக்கலையே” என்றார். அந்தக் கேள்விதான் எனக்கு வலித்தது. நான் அவரிடம், உங்கள் மகளுக்கு ஒரு குறையும் இல்லை, குறை எனக்குத்தான், என் வீட்டில் ஆள் இல்லாத குறையை நான் சோற்றுக் குறை என்று நினைத்துத் தின்று தின்றே நோயாளி ஆனேன், இப்போது நானே ஆக்கிக்கொள்கிறேன், களிதான் இன்னும் கட்டி தட்டுகிறது என்றேன். அப்போது உள் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. “மாவைக் கொட்டின ஒடனே கிண்டாதீங்க. நடுவுல குச்சியால ஒரு குழி போட்டு, தண்ணி அது வழியாப் பொங்கி மேல வரட்டும். நல்லா வெந்தப்புறம் கிண்டுனா கட்டி தட்டாதுங்க” என்றாள். குரலில் எவ்வளவு நிம்மதி இருந்தது என்று உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. தகப்பனாரும் அதைக் கேட்டார், தலையைக் குனிந்துகொண்டார். புறப்படும்போது அவரே பஸ் நிற்கும் இடம் வரை வந்து என்னை ஏற்றிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

பெரியத்தா அதிலிருந்து என்னோடு பேசவில்லை, பக்ரீத் அன்றும் வரவில்லை, உனக்கு எழுதியதும் அந்தக் கோபத்தில்தான். போன வாரம் ஓட்டை வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நான் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். வாளியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். ஒரு தட்டில் களியும் முருங்கைக்கீரையும் போட்டு அவர் முன்னால் தள்ளினேன். உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, “கீரையில உப்பு கம்மி” என்றார். வாளியை அடைத்துக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டு போனார். இப்போது புண் முழுக்க ஆறிவிட்டது, நகம் மட்டும் கறுப்பாக இருக்கிறது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ள டாக்டர் அந்த நீல மருந்தைக் கொடுத்திருக்கிறார், அதற்கென்று தகரத்தில் ஒரு சின்ன விளக்கும் செய்துகொண்டேன். சில நாள் நீலம், சில நாள் பச்சை. செங்கல் நிறம் வந்து வெகு நாளாகிறது. நான் ஒன்றும் ஆசையை அறுத்த அவுலியா ஆகிவிடவில்லை, கிருஷ்ணப்பன் கடை வழியாகப் போனால் இன்றைக்கும் கால் தயங்கும். அப்போது நின்று என்னையே கேட்டுக்கொள்வேன், இது பசியா, ஆள் இல்லாத குறையா என்று. பசி என்றால் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கிறேன். குறை என்றால் கிருஷ்ணப்பனோடு உட்கார்ந்து சர்க்கரை போடாத டீ குடித்துக்கொண்டு உன் அம்மாவைப் பற்றி அரை நாழிகை பேசுகிறேன், அவரும் அலுக்காமல் கேட்கிறார்.

இதையெல்லாம் உனக்கு ஏன் இவ்வளவு நீட்டி எழுதினேன் என்றால், உன் கடிதத்தின் கடைசியில் விளையாட்டாக இரண்டு வரி எழுதியிருந்தாய். மாப்பிள்ளை நைட் ஷிப்ட் போனால் எனக்கு ஒருத்திக்கு என்ன அடுப்பு மூட்டுவது, டீயும் ரொட்டியும்தான் என்று ஒன்று. அம்மா நினைவு வந்தால் டப்பாவைத் திறந்து சர்க்கரையை ஸ்பூனால் அள்ளித் தின்கிறேன், அத்தா மகள்தானே என்று இன்னொன்று. நீ சிரித்துக்கொண்டு எழுதியிருப்பாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழ வேண்டிய நேரத்தில் தின்னாதே மகளே. அழுகை வந்தால் அழு, மாப்பிள்ளை தோளில் அழு, அவர் இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரியிடம் தெரிந்த இந்தியில் சொல்லி அழு. ஒருத்திக்கு அடுப்பு மூட்டலாமா என்று இனிமேல் கேட்காதே. புருஷன் வந்தால்தான் சோறு, பிள்ளை வந்தால்தான் குழம்பு என்று உன்னை யாரும் வளர்க்கவில்லை. நீ ஒருத்தி இருந்தாலும் அது வீடுதான். சூடாக ஆக்கு, தட்டில் போடு, நின்றுகொண்டும் பாத்திரத்திலிருந்தும் தின்னாமல் உட்கார்ந்து தின்னு. உன் மாமியார் வந்து இதென்ன புதுப்பழக்கம் என்று கேட்டால் என் அத்தா சொன்னார் என்று சொல், கோபம் வந்தால் எனக்குக் கடிதம் போடட்டும், நான் பதில் எழுதுகிறேன்.

ராகி மாவும் கொள்ளுப் பயறும் ஒரு தகர டின்னில் அடைத்து, மூடியை ஈயம் வைத்துப் பற்றவைத்து, பார்சலில் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் கத்தியால் ஓரம் கீறித் திற, கை பத்திரம். பட்டறையை விற்கும் பேச்சை இத்தோடு விடு. அல்லாஹ் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் சுகமும் பரக்கத்தும் தருவானாக, ஆமீன். மறக்காமல் ஒன்று. நீ எழுதும் கடிதத்தில் எல்லாம் மாப்பிள்ளை என்ன சாப்பிட்டார், அவருக்கு எது பிடித்தது என்றே இருக்கிறது. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, அன்றைக்கு நீ என்ன சாப்பிட்டாய் என்று முதல் வரியில் எழுது.

இப்படிக்கு,
உன் அத்தா,
கரீம்