பீரோவில் இருந்த அட்டை

மனைவியை எழுப்பாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய சூரியபிரகாஷ், காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி ஹாட்பேக்கின் மேல் வைத்தான்.

"செல்வி, இட்லி உள்ள இருக்கு. சாயந்திரம் ஒனக்கு ஆபரேஷன், அதனால காலைல எட்டு மணிக்குள்ள சாப்புட்டுரு. சாவிய மாடி வீட்டுல குடுத்துரு. எங்க அண்ணே கார் கொண்டுவருவாரு. ஒனக்கு ரத்தம் குடுக்க திருவாதவூர்ல இருந்து பத்துப் பேரக் கூட்டிட்டு வாராரு. நேத்து அதக் கேட்டு நீ யோசிச்சதும், 'எங்க ஆளுக ரத்தம் ஒனக்கு ஆகாதா'ன்னு கத்திட்டேன். தப்புதான். ஒன் ரத்தத்துல இல்லாத ஒரு புரதம் மத்தவங்க ரத்தத்துல இருக்கு, அதக் கழுவி எடுக்காம ஏத்துனா ஒனக்கு ஆபத்துன்னு எனக்கும் தெரியும். கழுவ நேரமாகும். அதச் சொல்லத்தான் ரத்த வங்கிக்கு முன்னாடியே போறேன்."

செருப்பை மாட்டியவன் திரும்பி வந்தான். தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் சேர்த்தான்.

"பிரசவத்தப்போ காட்ட அட்டை இல்லாம சாதா ரத்தத்த ஏத்தி, மூச்சு முட்டிக் கெடந்தியே. 'கழுவிய ரத்தம் மட்டும்'னு டாக்டர் முன்னாடியே எழுதிக் குடுத்த அந்த அட்டைய நீ தொலைக்கல. கசங்கிறக் கூடாதுன்னு நாந்தான் லேமினேட் பண்ணி, பட்டா பாஸ்புக்கோட பீரோவுல பூட்டி வச்சேன். மூணு வருசமா நீ ஒன்னையவே திட்டிக்கிட்டு இருந்த. எனக்குச் சொல்ல வாய் வரல.

இப்ப அது ஒன் கைப்பையில இருக்கு. யார் கேட்டாலும் காட்டு, கையில குடுக்காத. எங்கிட்டயும் குடுக்காத."