திகதித் தாளுக்குக் கீழே இருந்த வரி

11.03.2025, செவ்வாய்

வெயில். நூலகத்துக்கு ஏழு பேர் பேப்பர் வாசிக்க வந்தார்கள், புத்தகம் எடுக்க ஒருவரும் இல்லை.

இசைக்காரர் வாழ்க்கை என்று நானே ஒதுக்கிய தட்டில் இப்போது பத்தொன்பது புத்தகங்கள். தலைமன்னாரில் இதற்கென்று ஒரு தட்டா என்று பிரதேச சபைக் கந்தோரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சோர்ந்துபோய் வருகிறவருக்குத் தவில்காரரின் சரிதையைக் கொடுப்பேன். அந்த மனிதர் பக்கத்துக்குப் பக்கம் சண்டை பிடிப்பார், வாசிக்கிறவருக்கும் உசார் வந்துவிடும். புருஷனோடு கோபித்துக்கொண்டு வருகிறவளுக்கு வயலின்காரரின் மனைவி எழுதியது. யாருக்கு எது என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

பின்னேரம் பெற்றிசியா வந்தாள். கத்தோலிக்கக் கோயிலில் பெரிய வெள்ளிப் புலம்பலைப் பதினாறு வருடமாகத் தனியே பாடுகிறவள். பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் அவர்கள் ஓர்கனை மூடிவிடுவார்கள். பெரிய வெள்ளியன்று அவள் குரல் மட்டும்தான். நான் சைவக்காரி, ஆனாலும் வருடா வருடம் முற்றத்தில் நின்று கேட்பேன். மார்கழியில் அவளுக்குக் கழுத்தில் கழலை ஒப்பரேஷன் நடந்தது. அதிலிருந்து குரல் கரகரக்கிறது.

"அக்கா, குரல் போய்த் திரும்பி வந்த ஆக்கள் எழுதினது ஏதும் இருக்கோ?"

இருந்தது. நாடகமேடைப் பாடகி ஒருத்தியின் தன்வரலாறு. அவளுக்கும் தொண்டையில் ஒப்பரேஷன். கடைசிப் பக்கத்தில் மேடையேறிப் பாடுகிறாள். உடனே எடுத்துக் கொடுத்தேன்.

18.03.2025

பெற்றிசியா புத்தகத்தைத் திருப்பித் தந்தாள். இரண்டு தரம் வாசித்தாளாம். முகமே மாறியிருந்தது.

"பங்குச் சுவாமியிட்டச் சொல்லிப்போட்டன், இந்த முறையும் நான்தான் பாடுவன் எண்டு. டொக்டர் ஆறு மாசம் பாடவேண்டாம் எண்டவர். அந்த மனுசிக்கும் அப்பிடித்தானே சொன்னவை. அவ பாடினவதானே."

எனக்குச் சந்தோஷம். வீட்டுக்குப் போகும்போது நானும் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

01.04.2025

லண்டனில் இருந்து ஒருவர் நூலகத்துக்கு அனுப்பிய பெட்டியை இன்று பிரித்தேன். அடியில் அதே பாடகியின் படம் போட்ட இன்னொரு புத்தகம். இரண்டாம் பாகம்.

நின்றபடியே வாசித்தேன். ஆறுவதற்கு முன் பாடியதால் குரல் அடியோடு போய்விட்டது. பிறகு அவள் ஒருநாளும் பாடவில்லை. 'ஒரு மேடைக்காக அவசரப்பட்டேன்' என்று அவளே எழுதியிருக்கிறாள்.

முதல் புத்தகத்தை ஓடிப்போய் எடுத்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில், திருப்பித் தரவேண்டிய நாளைக் குத்தும் திகதித் தாள் ஒட்டியிருந்தது. வழக்கமாக ஒட்டும் பின்பக்கத் தாள் கிழிந்திருந்ததால் அங்கே ஒட்டினேன், நானேதான். நனைத்து உரித்தேன். கீழே சின்ன எழுத்தில், முதல் பாகம் முற்றிற்று.

பசையை நல்லாப் பூசி ஒட்டியிருக்கிறன். மடைச்சி.

02.04.2025

இரண்டாம் பாகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

05.04.2025

பெற்றிசியா வீட்டு வேலிப் பக்கமாக வந்தேன். பாடிப் பழகுகிறாள். மேலே போகும் இடத்தில் குரல் கிழிகிறது. நிறுத்துகிறாள், திரும்பவும் அதே அடி. திரும்பவும்.

என்ன செய்யிறது? சொன்னா உடைஞ்சுபோவாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரிச்சவள். சொல்லாட்டி— அவளுக்குச் சொல்ல டொக்டர் இருக்கிறார், நான் ஆர்? ஆனா டொக்டரின்ர சொல்லைத் தட்டச் சொல்லிக் குடுத்தது நான் குடுத்த புத்தகமல்லோ.

08.04.2025

கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே நின்று புரட்டினாள். எந்தப் பக்கம் என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"இதை ஏன் இப்ப கொண்டந்தனீங்கள்?"

"முதல் பாகம் எண்டு போட்டிருந்ததுக்கு மேல நான்தான் தாளை ஒட்டிப்போட்டன். கதை அதோட முடிஞ்சுது எண்டு நினைச்சிட்டன். என்ர பிழை, பெற்றிசியா."

"பாடவேண்டாம் எண்டு சொல்லத்தானே வந்தனீங்கள்?"

"ஓம்."

கதவைச் சாத்தினாள். புத்தகம் அவளிடம்தான். இரவல் கொப்பியில் பதியவில்லை.

14.04.2025

புதுவருடம். பெற்றிசியா வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனேன். மகள் பிரேமிளா வாங்கிக்கொண்டு வெறும் தட்டைத் தந்தாள். "அம்மா படுத்திருக்கிறா, அன்ரி."

18.04.2025, பெரிய வெள்ளி

போவதா விடுவதா என்று மத்தியானம் வரை யோசித்தேன். போய் வழக்கமான இடத்தில் நின்றேன்.

புலம்பல் தொடங்கியது. அவள் குரல் இல்லை. கடற்கரை வாடியில் கருவாடு போடும் பெண்கள் ஐந்து பேர், ஆளுக்கு ஓர் அடியாகப் பாடினார்கள். ஒருத்திக்குச் சுருதி சேரவேயில்லை. பெற்றிசியா அவர்களுக்கு நடுவில் வாய் மூடி நின்றாள். யார் எப்போது எடுக்கவேண்டும் என்று கையால் காட்டினாள். மூன்றாவது பெண் அழுது அடியை விட்டபோது அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பதினாறு வருடம் கேட்ட குரலை நான் நிறுத்திவிட்டேன். சரியானதைத்தான் செய்தேன், தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

22.04.2025, செவ்வாய்

பத்து மணிக்குப் பெற்றிசியா வந்தாள். இரண்டாம் பாகத்தை மேசையில் வைத்தாள். கொப்பி ஒன்றை விரித்து எழுதிக் காட்டினாள்: 'ஆனி முடியுமட்டும் வாய் திறக்கமாட்டன்.' பிறகு அதற்குக் கீழே: 'பாடின ஆக்கள் போதும். பாடினவைக்குப் பக்கத்தில இருந்தவை எழுதினது இருக்கோ?'

எனக்குச் சட்டென்று ஒன்று நினைவு வந்தது. கையும் தட்டுக்குப் போய்விட்டது. பிறகு நிறுத்தினேன்.

"தம்புரா மீட்டின ஒரு மனுசி எழுதினது இருக்கு. ஆனா நான் இன்னும் வாசிக்கேல்ல. வாசிச்சு முடிச்சிட்டுத் தாறன்."

பெற்றிசியா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டாள். எழுதினாள்: 'நீங்கள் வாசியுங்கோ. நான் கேக்கிறன்.'

பேப்பர் வாசித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் பக்கத்திலிருந்து உரத்து வாசித்தேன், ஐந்தாம் அதிகாரம் வரை. என் தொண்டை கட்டிப்போனபோது அவள் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள்.