யூதப் பெரியவரின் சட்டி

12 ஆகஸ்ட் 2004, வியாழன். எல்ல, இலங்கை.

இந்தத் தம்பியை வைத்துக்கொண்டு நான் எப்படி விடுதி நடத்துவது? முன்னறையில் தங்கியிருக்கும் யூதப் பெரியவர் சொந்தச் சட்டி கொண்டுவந்திருக்கிறார். அதில் மரக்கறி மட்டும்தான் சமைக்க வேண்டும், நம் இறைச்சி படவே கூடாது, அது தங்கள் சமயச் சட்டம் என்று வந்த அன்றே சொன்னார். காலையில் செல்வம் அதில்தான் நேற்றைய கோழிக்குழம்பைச் சூடாக்கியிருக்கிறான்.

"அவர்கிட்ட சொல்லிருடா," என்றேன்.

"கழுவிட்டேன்க்கா. அவருக்கு என்ன தெரியப்போகுது?"

சாயங்காலம் அதிலேயே அவருக்குப் பருப்பு வைத்தான். மூடியைத் திறந்ததுமே அவருக்குக் கோழி வாடை தெரிந்துவிட்டது. உடனே இவன், பாத்திரம் கழுவ வரும் லெட்சுமி மேல் பழியைப் போட்டான். போட்டதோடு விட்டானா? பொய் நிற்க வேண்டுமே என்று அவர் கண்முன்னாலேயே அவளைத் திட்டித் தீர்த்தான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துவிட்டு நேராக இங்கே வருகிறவள். ஒன்றும் புரியாமல் நின்றாள்.

பெரியவர் கோபப்படவில்லை. ஒரு தவறு அடுத்த தவறையும் கையோடு இழுத்து வரும் என்று அவர்களுடைய ஞானிகள் சொல்வார்களாம். மறுபடி மறுபடி செய்தால் அது தவறாகவே தெரியாதாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "அந்தப் பெண்தானா செய்தாள்?" என்று கேட்டார்.

செல்வம் என் முகத்தையே பார்த்தான். நானும் ஆமென்று தலையை ஆட்டித் தொலைத்தேன்.

நாளைக்கு லெட்சுமியைப் பார்த்தால் பெரியவர் மறுபடி பேச்செடுப்பார். "அவரு போற வரைக்கும் வர வேணாம்னு அவகிட்ட சொல்லிட்டேன்க்கா," என்கிறான் செல்வம்.

அதுவும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.