மோட்டார் ரூம் என் பெயரில் இருக்கிறது

அப்பா அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு மாதம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். இனி முடியாது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரை போடுகிறாளா? இங்கே மஸ்கட்டில் நான் நலம். போனில் பேசினால் தம்பி பாண்டீஸ்வரன் பக்கத்திலேயே நிற்கிறான். அதனால்தான் கடிதம்.

வீட்டை ஒட்டிய மோட்டார் ரூமில் இராப்பகலாகக் கரண்டை உறிஞ்சிக் கம்ப்யூட்டர் காசு எடுக்கும் நான்கு பிட்காயின் மெஷின் மாட்டியிருப்பதை இரண்டு மாதம் முன்பு வீடியோ காலில் காட்டினான். விவசாயத்துக்கென்று கொடுத்த இலவச கரண்டில் ஓடுகிறதாம்.

"கனெக்சன் எம் பேருலல்லடா இருக்கு?" என்றேன்.

"அதான்ண்ணே தைரியமா மாட்டிருக்கேன். நீங்கதான் ஊர்லயே இல்லையே, ஆரைப் பிடிப்பாக?"

பின்னால் நீங்களும் சிரித்தது கேட்டது.

"படிச்சவன் கையெழுத்துல்லடா" என்று சொல்லித்தான் அன்று கரண்ட் கனெக்சன் விண்ணப்பத்தில் என்னைக் கையெழுத்துப் போட வைத்தீர்கள். மின்வாரியத்தில் கண்டுபிடித்தால் வழக்கு என் மேல்தான். நானே புகார் கொடுத்தாலும் மாட்டுவது நான்தான். சித்திரையில் லீவுக்கு வருகிறவனைப் போலீஸ் ஸ்டேஷனில்தான் பார்ப்பீர்கள். அந்த வீட்டில் என் பேச்சு என்றைக்கும் எடுபட்டதில்லை. நீங்கள் சொன்னால் கழற்றுவான்.

அம்மாவைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேசச் சொல்லுங்கள். மெஷின் இரைச்சலில் அவள் குரலே எனக்குக் கேட்பதில்லை.

தபாலாபீஸ் மூடும் நேரம். நீங்கள் நீட்டி நான் கையெழுத்துப் போடாத தாள் இல்லை. மெஷின் விஷயம் எனக்கும் தெரியும் என்பதற்கு இந்தத் தாளும் சாட்சியாக வேண்டாம். எழுத்தைப் பார்த்தால் யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போடாமலே பெட்டியில் போடுகிறேன்.