கழுத்தைத் திருப்பும் கேமரா

என்னங்க,

சாப்பாடு அடுப்புமேல் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

மதியத்துக்குள் கேமராக் கடைக்காரர் வருவார். உங்கள் ஆன்லைன் வகுப்புக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லித் தந்த இரண்டு கேமராவில் ஒன்றை அவரிடம் திருப்பித் தரவேண்டும். கழுத்தைத் திருப்புகிற கேமராவையே கொடுத்துவிடுங்கள். கண்ணை மூடிக்கொள்ள மூடியுள்ள சாதாரணக் கேமரா நமக்குப் போதும். "நான் நடந்துக்கிட்டே பாடம் நடத்துறவன், என் பின்னாடியே திரும்புறதுதான் வேணும். உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்"னு நேற்று ராத்திரி கத்தினீர்கள். ஆமாம், பயம்தான்.

நீங்கள் சின்னவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனபிறகு, நீங்கள் பாடம் நடத்தும் அறையில் தலை வாரிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரையும் கேமராவையும் நான் போடவே இல்லை. கிர்ரென்று ஒரு சத்தம். திரும்பினால் அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கதவோரம் நகர்ந்தேன்; அதுவும் கூடவே திரும்பியது. வயரைப் பிடுங்கிவிட்டேன்.

அதன்மேல் சின்னவளின் காலுறையை மாட்டியிருக்கிறேன். கழற்றாதீர்கள்.

சுவரில் தொங்கிய இன்னொரு வீட்டுச் சாவியை நான் எடுத்துப் போகிறேன். அந்தக் கேமராவின் கண்ணுக்கு நேராகத்தான் இத்தனை நாளும் தொங்கியிருக்கிறது.

மறந்துவிட்டேன்: செல்போனிலிருந்தே அந்தக் கேமராவைத் திருப்பலாம் என்று கடைக்காரர் சொன்னாரே. தெருவில் நின்று விளையாடியது நீங்கள்தானே? "ஆமா, நான்தான்"னு சொல்லிவிடுங்கள், சத்தியமாகத் திட்டமாட்டேன். இப்போதே கூப்பிட்டுக் கேட்கிறேன்.

கூப்பிட்டேன். உங்கள் போன் தலையணைக்கு அடியில் அடிக்கிறது.