நான்கு நிமிடக் கணினி

மார்ச் 3, திங்கள்

பிழை திருத்துபவர்களுக்கு ஏப்ரல் முதல் பதிப்பகத்தில் அறை கிடையாதாம். வீட்டிலிருந்தே வேலை, கணினி அவரவர் பாடு. இருபதாம் தேதிக்குள் சொந்தக் கணினியில் ஓர் அத்தியாயம் திருத்தி அனுப்பாதவர்களுக்கு வேலை இல்லை. இருபத்திரண்டு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்தவளுக்குப் பதினேழு நாள் அவகாசம். பெரிய மனசு.

மார்ச் 4, செவ்வாய்

அண்ணனிடம் சொன்னது என் தப்பு. "உனக்கு எதுக்கும்மா இந்த வம்பெல்லாம்? நானே ஒண்ணு பாத்து அனுப்பறேன்." கல்லூரியிலிருந்து கணவர்வரை எல்லாம் அவர் பார்த்து அனுப்பியதுதான். (கணவர் பரவாயில்லை.) வாய் சும்மா இருந்ததா? "வேண்டாம், பார்ட்ஸ் வாங்கி நானே அசெம்பிள் பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்து முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து தள்ளி வைத்திருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பெட்டிகள் வந்துவிட்டன. மதர்போர்டோடு வந்த கையேட்டை இரண்டு முறை படித்தேன். பதினான்கு பிழைகள். பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன். இதையெல்லாம் யார்தான் கண்ணை மூடிக்கொண்டு அச்சுக்கு அனுப்புகிறார்களோ!

மார்ச் 12, புதன்

சாப்பாட்டு மேஜை முழுக்கப் பாகங்கள். கணினியின் மூளையான புராசஸரை அதன் இடத்தில் வைத்துக் கொக்கியை அழுத்தியபோது பாதி உயிர் போய்விட்டது. அதன் மேல் சூடு தணிக்கும் கூலரை வைத்து நான்கு ஸ்க்ரூ முடுக்கினேன். டார்ச் பிடித்திருந்த கணவர், "இப்ப மூச்சு விடலாமா?" என்று கேட்டார்.

மார்ச் 13, வியாழன்

ஓடுகிறது! திரையில் எழுத்து வந்தது! நான் செய்தது, நானே!

நான்கு நிமிடத்தில் அணைந்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

நான்கு நிமிடம்.

மார்ச் 15, சனி

புராசஸர் கொதிக்கிறது, கணினி தானாக அணைகிறது. கூலரின் விசிறி நன்றாகத்தான் சுற்றுகிறது. பிறகு ஏன்? கையேட்டை மூன்றாம் முறை படித்தேன். பதினைந்தாவது பிழை கிடைத்தது.

மார்ச் 17, திங்கள்

இன்னும் மூணே நாள். வேலை போச்சுன்னா என்ன பண்ணுவேன்? இந்த வயசுல யாரு எனக்கு இன்னொரு மேஜை போட்டுக் குடுப்பாங்க? "அண்ணனைக் கூப்பிடு. கூப்பிட்டா குறைஞ்சா போயிடுவே?" என்கிறார் கணவர். குறைந்துதான் போவேன்.

கூப்பிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணன் வந்தார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. பெட்டியை இரண்டு தட்டு தட்டி, "புராசஸர் போச்சும்மா. நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கழற்றினேன். கூலரின் அடியில், புராசஸரைத் தொட வேண்டிய இடத்தில், ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. அதில் சிவப்பு எழுத்தில், ஐந்து மொழிகளில்: பொருத்தும் முன் உரிக்கவும்.

எனக்குத் தெரிந்த இரண்டு மொழிகளிலும் பிழை இல்லை.

மார்ச் 19, புதன்

தாளை உரித்து, சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவி மாட்டினேன். எட்டு மணி நேரம் ஓடியது. அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பிவிட்டேன். கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 21, வெள்ளி

வேலை உறுதி என்று கடிதம். அதில் இரண்டு பிழை. முதல் முறையாகக் கண்டுகொள்ளாமல் விட்டேன். அண்ணன் போன் செய்தார்: "பாத்தியா, நான் தட்டினதுல சரியாயிடுச்சு!" சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியாயிற்றாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணனின் கணினி நின்றுவிட்டது. தட்டியும் பார்த்தாராம். "பார்ட்ஸ் எல்லாம் வாங்கிட்டேன், நீ வந்து கொஞ்சம் மாட்டிக் குடும்மா."

போனேன். அவர்தான் டார்ச் பிடித்தார். புதுக் கூலரைக் கையில் எடுத்ததும் திருப்பி, அடியில் இருந்த தாளை உரித்தேன்.

"என்னம்மா அது?"

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதாண்ணா" என்றேன்.